மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை: காத்திருப்பதா, ஹார்மோன் மாத்திரையா, மெட்ஃபார்மினா?

கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. "மகளுக்குப் பதினாறு வயது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. ஒரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினார். இன்னொருவர் சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை எழுதினார். மாமியார் கழற்சிக்காய்ப் பொடி போதும் என்கிறார். என் அம்மாவோ கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

நான் மருந்தாளுநர். எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுப்பதுதான் என் வேலை, சீட்டு எழுதுவது அல்ல. ஆனாலும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்த இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. ஒருவர் கருப்பையைப் பார்த்து எழுதியிருக்கிறார், மற்றவர் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து எழுதியிருக்கிறார். உங்கள் மகளுக்கு எது அவசரம் என்பதை முடிவுசெய்யாமல் மருந்தை மட்டும் ஒப்பிட்டால் குழப்பம் தீராது. "வந்ததா, வரவில்லையா" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

## முதலில் காலண்டரை எடுங்கள்

பூப்பெய்திய முதல் ஆண்டில் முன்பின்னாக வருவது இயல்பு. மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் போக்குவரத்து அப்போதுதான் ஒழுங்குபடுகிறது. முட்டை வெளியேறாமலேயே பல முறை இரத்தப்போக்கு நடக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு தாமதம்வரை பொறுக்கலாம் என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று பலர் சொல்லும் ஹார்மோன் கோளாறு) பன்னாட்டு வழிகாட்டியில் தெளிவான அளவுகள் இருக்கின்றன.

- பூப்பெய்தி 1 முதல் 3 ஆண்டுவரை: 21 நாளுக்குள் திரும்ப வந்தாலோ 45 நாளைத் தாண்டினாலோ ஒழுங்கின்மை.
- 3 ஆண்டுக்குப் பிறகு: 21 நாளுக்குள், அல்லது 35 நாளுக்கு மேல், அல்லது ஆண்டுக்கு 8 முறைக்கும் குறைவு.
- முதல் ஆண்டு கழிந்த பிறகு எந்த ஒரு இடைவெளியாவது 90 நாளைத் தாண்டினால்.
- 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால், அல்லது மார்பு வளரத் தொடங்கி 3 ஆண்டு கடந்தும் வராவிட்டால்.

ஆகவே "பதினாறு வயது" என்பது பாதித் தகவல்தான். 11 வயதில் பெரியவளானவளுக்கு இது ஐந்தாம் ஆண்டு. 15 வயதில் ஆனவளுக்கு இப்போதுதான் ஓராண்டு முடிகிறது. இருவருக்கும் 42 நாள் இடைவெளி என்றால், முதல் பெண்ணுக்குக் காரணம் தேட வேண்டும். இரண்டாமவளைப் பொறுமையாகக் கவனித்தால் போதும்.

ஸ்கேனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகும்வரை அல்ட்ராசவுண்டையோ, சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் இரத்தப் பரிசோதனையையோ வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது அதே வழிகாட்டி. அந்த வயதில் நலமான சினைப்பையிலும் நிறையச் சிறு நுண்பைகள் தெரியும். பதின்வயதில் பிசிஓஎஸ் என்று சொல்ல இரண்டு வேண்டும்: மேலே சொன்ன ஒழுங்கின்மை, அதோடு ஆண் ஹார்மோன் மிகுதி. தாடையிலும் மேலுதட்டிலும் தடித்த முடி, கடுமையான முகப்பரு, அல்லது இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் உயர்வு ஆகியவை அந்த மிகுதிக்கு அடையாளம். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் "வாய்ப்பு உண்டு, மறுபடி பார்ப்போம்" என்பதுதான் சரியான பெயர். ஸ்கேன் தாளில் "நீர்க்கட்டி" என்று ஒரு வரி இருப்பதாலேயே பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நோயாளிப் பட்டம் கட்டிவிடாதீர்கள்.

தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்) பரிசோதனைகள் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். கர்ப்பப் பரிசோதனையும் பட்டியலில் இருக்கலாம். டாக்டர் கேட்டால் கோபப்படாதீர்கள், அது எல்லோருக்கும் செய்யும் நடைமுறை.

## இதில் இதயம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய இரண்டாம் செவிலியர் நல ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் சேர்க்கப்பட்டார்கள். 18 முதல் 22 வயதுவரை மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வந்தது என்று அவர்களிடம் கேட்டு வைத்திருந்தார்கள். 40 நாள் அல்லது அதற்கு மேல், அல்லது கணிக்கவே முடியாத அளவு ஒழுங்கின்மை என்று சொன்னவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 2001இல் வெளியான முடிவு இது. அதே ஆய்வில் 79,505 பேரை 24 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரை, எப்போதும் ஒழுங்கற்ற சுழற்சி உள்ளவர்களிடம் 70 வயதுக்கு முந்தைய இறப்பு அதிகம் என்றும், அதிலும் இதய, இரத்தநாள நோய்களால் வரும் இறப்போடு தொடர்பு வலுவாக இருக்கிறது என்றும் காட்டியது. பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, 10 வயதிலோ அதற்கு முன்போ பூப்பெய்தியவர்களுக்கும் 17 வயதிலோ அதற்குப் பிறகோ பூப்பெய்தியவர்களுக்கும் மாரடைப்பு போன்ற இதய நோய்கள் சற்றுக் கூடுதல் என்றது. மிகக் குறைவாக இருந்தது 13 வயதையொட்டி.

இவை பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களிடம் நடந்த ஆய்வுகள். இளம் வயதுச் சுழற்சியைப் பல ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொன்னவர்கள் பலர். ஒன்றோடொன்று சேர்ந்து வருகிறது என்பதைத்தான் இவை காட்டுகின்றன, ஒன்றால் மற்றது விளைகிறது என்று அல்ல. இருந்தும் நான் இதைப் பொருட்படுத்தக் காரணம் உண்டு. பிசிஓஎஸ்ஸில் நடுவில் நின்று வேலை செய்வது இன்சுலின். இன்சுலின் சொல்லை உடல் கேட்காதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. கல்லீரலில் அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தையும் குறைக்கிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. பிற்காலத்தில் சர்க்கரையாகவும் இரத்தக்கொழுப்பாகவும் வெளிப்படப்போகும் அதே கோளாறு, பெண்ணுக்கு மட்டும் பதினாறு வயதிலேயே காலண்டரில் தெரிகிறது. ஆண் பிள்ளைகளுக்கு இந்த முன்னறிவிப்பு கிடையாது.

நம்மவர்களுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. ஒல்லியாகத் தெரியும் உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் இயல்பு இந்தியர்களிடம் அதிகம். அதனால்தான் பெரியவர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டில் 25ஐ எல்லையாக வைக்காமல் 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐசிஎம்ஆரின் இண்டியாப் (INDIAB) ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

## எதைக்கொண்டு ஒப்பிடுவது

1. கருப்பைப் பாதுகாப்பு. முட்டை வெளியேறாத மாதங்களில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் மட்டும் கருப்பையின் உட்சவ்வைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும். 90 நாளைத் தாண்டிய இடைவெளிகள் தொடர்ந்தால் அதை உதிரச் செய்ய வேண்டும்.
2. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம். இந்த வழி அவற்றைக் குறைக்கிறதா, தொடாமல் விடுகிறதா, கூட்டுகிறதா?
3. அவளை இன்று உறுத்துவது. தாய்க்கு மாதக் கணக்கு. மகளுக்கு முகப்பருவும் மேலுதட்டு முடியும். இதை அவளிடமே கேளுங்கள்.
4. மறைந்திருக்கும் செலவு. பணம் மட்டுமல்ல. பக்கவிளைவு, மறைந்துபோகும் அறிகுறி, வீட்டில் எழும் சண்டை எல்லாம் சேர்த்து.
5. நிறுத்தினால் என்ன ஆகும்?

## வழி 1: கவனித்துக் காத்திருத்தல்

காத்திருப்பதும் ஒரு வைத்தியம்தான், அளந்துகொண்டே காத்திருந்தால். பூப்பெய்தி மூன்றாண்டு ஆகாதவள், முடி வளர்ச்சியோ பருவோ மிகுதியில்லை, 90 நாள் இடைவெளி வந்ததில்லை, கழுத்தில் கருமை (இன்சுலின் கோளாறைத் தோல் காட்டும் அடையாளம்) இல்லை என்றால் நான் இதைத்தான் முதலில் வைப்பேன். பருவ வயதில் இன்சுலினுக்குப் பணியாத போக்கு இயல்பாகவே கொஞ்சம் கூடி, பிறகு தணியும். அந்த ஏற்றத்தைப் பார்த்து மருந்தைத் தொடங்கினால் தானாகச் சரியாகியிருக்கக்கூடியதற்கு மருந்தின் பெயரை எழுதிவிடுவோம்.

என்ன அளப்பது? மாதவிலக்குத் தேதிகள், உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 156 செ.மீ. உயரப் பெண்ணுக்கு 78 செ.மீ. தையல் நாடா ஒன்று போதும், பணச் செலவு அநேகமாக இல்லை.

மறைந்திருக்கும் செலவு, காத்திருத்தல் மறதியாக மாறுவது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியட்டும், பிளஸ் டூ முடியட்டும், நீட் முடியட்டும் என்று நான்காண்டு ஓடிவிடுகிறது. "கல்யாணமானால் சரியாகும்" என்பதும் இந்த வகைதான். திருமணத்துக்கு இன்சுலினைக் குறைக்கும் ஆற்றல் எதுவும் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்கும் நாளைக் குறித்துவைக்க முடியாத வீடு இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## வழி 2: உணவு, ஓட்டம், உறக்கம்

மேலே சொன்ன ஐந்து அளவுகோல்களில் இரண்டாவதில் முதலிடம் இதற்குத்தான். சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம், மூன்றையும் ஒரே நேரத்தில் நல்ல பக்கம் தள்ளும் வேறு வழி இந்தப் பட்டியலில் இல்லை. பதின்வயதினருக்கு நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உழைப்பு, வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனமும் பிசிஓஎஸ் வழிகாட்டியும் சொல்கின்றன. எடை இறங்காவிட்டாலும் இன்சுலின் செயல்பாட்டில் பலன் உண்டு. இந்தக் கடைசி வாக்கியத்தைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கலாம்.

ஆனால் அந்த 60 நிமிடம் எங்கே இருக்கிறது? ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிடி பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த சைக்கிள் திண்ணையில் நிற்க, பிள்ளை பள்ளி வேனில் போகிறாள். பெரியவளானதோடு தெருவில் விளையாடுவதை நிறுத்திய வீடு, மூன்றாண்டு கழித்து "எடை போடுகிறாள்" என்று அவளையே குறை சொல்கிறது. இங்கே மாற வேண்டியது பெண்ணின் மன உறுதி அல்ல, வீட்டின் நேர அட்டவணை. பள்ளிக்குச் சைக்கிளில் போக விடுவது, மாலையில் அரை மணி கயிறு தாண்டவோ பந்து விளையாடவோ விடுவது, டியூஷனில் ஒன்றைக் குறைப்பது: மூன்றுமே பெற்றோர் கையில் இருப்பவை.

உணவில் "டயட்" வேண்டாம். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரை, காய் ஆகியவற்றைக் கூட்டுங்கள். சர்க்கரை போட்ட டீ, காபி, பாட்டில் பானம், மாலை பிஸ்கட் ஆகியவற்றைக் குறைப்பதில் பெரும் பங்கு முடிந்துவிடும். பூப்பெய்திய பெண்ணுக்குக் கொடுக்கும் உளுந்தங்களி நல்ல உணவுதான். அதைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்கத் தினமும் மாதக்கணக்கில் ஊட்டுவதுதான் கணக்கைக் கெடுக்கிறது.

இந்த வழியின் விலை வீட்டுப் பேச்சில் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்த வயதில் தைக்கும். பிசிஓஎஸ் உள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் உணவுக் கோளாறும் அதிகம் காணப்படுகின்றன. அண்ணனுக்கு மட்டும் இரண்டாம் முறை சோறு போட்டுவிட்டு, தங்கைக்கு ஓட்ஸ் நீட்டினால் அவள் ஒளித்துத்தான் சாப்பிடுவாள். மாற்றினால் எல்லோர் தட்டிலும் மாற்றுங்கள், அப்பா தட்டு உட்பட.

பலன் தெரிய மாதங்கள் ஆகும். 90 நாள் தாண்டிய இடைவெளி ஏற்கெனவே இருந்தால் இதை மட்டும் நம்பிக் கருப்பையைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

## வழி 3: தினசரி ஹார்மோன் மாத்திரை

ஈஸ்ட்ரோஜெனும், கருப்பையின் உட்சவ்வை அடக்கிவைக்கும் புரோஜெஸ்டோஜென் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் வகையும் சேர்ந்த கூட்டு மாத்திரை. கருத்தடை மாத்திரை என்று எல்லோரும் அறிந்ததுதான். அரசு இலவசமாகத் தரும் மாலா–என் அட்டையிலும் இந்த இரண்டும்தான் இருக்கின்றன. பிள்ளைக்கு இதை எழுதியதும் சில தாய்மார்கள் கவுண்டரில் முகம் சுளித்து, பெயரைத் தாளில் மறைத்துக்கொண்டு கேட்கிறார்கள். மருந்து என்ன பெயரில் விற்கிறது என்பதல்ல, எதற்கு எழுதப்பட்டது என்பதுதான் முக்கியம். இதனால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற பயமும் வேண்டாம். நிறுத்தியபின் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும்.

கருப்பைப் பாதுகாப்பில் இதற்கு முழு மதிப்பெண். முகப்பருவும் வேண்டாத முடியும் குறைவதிலும் இதுவே முன்னணி, ஆனால் முடி குறைய ஆறு மாதமாவது ஆகும். சுழற்சி ஒழுங்கின்மையோடு ஆண் ஹார்மோன் மிகுதியும் இருக்கும் பதின்வயதினருக்கு இதைக் கருதலாம் என்று வழிகாட்டியும் சொல்கிறது. ஈஸ்ட்ரோஜென் அளவு குறைவான மாத்திரையே போதும். 35 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜெனோடு, ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சைப்ரோடெரோன் சேர்ந்ததை முதல் தேர்வாக வைக்க வேண்டாம் என்பது அதன் அறிவுரை. நம் ஊரில் அதுதான் சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

இரண்டாம் அளவுகோலில் இது சறுக்குகிறது. இன்சுலின் கோளாறை இது சரிசெய்யாது. டிரைகிளிசரைடு என்ற இரத்தக்கொழுப்பு கொஞ்சம் ஏறலாம், சிலருக்கு இரத்த அழுத்தமும் ஏறும். இரத்தக்கட்டி அபாயம் உண்மையானது, ஆனால் சிறியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கணக்கில், மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு வருவது, எடுப்பவர்களில் 3 முதல் 9 பேருக்கு வருகிறது. ஒளிக்கீற்றுகள் தெரிந்து தொடங்கும் ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம், நெருங்கிய உறவில் இளவயது இரத்தக்கட்டி, கல்லீரல் நோய் இருந்தால் தொடங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், கார்பமாசெபின், ஃபெனிடாய்ன் போன்ற வலிப்பு மருந்துகளும் இதன் வீரியத்தைக் குறைக்கும். சீட்டு எழுதும் இடத்தில் அவசரத்தில் விடுபட்டுவிடக்கூடிய கேள்வி இது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மறைசெலவு வேறு. மாத்திரை எடுக்கும்போது மாதாமாதம் வருவது ஹார்மோன் மாத்திரையை நிறுத்தும் இடைவெளி நாட்களால் வரும் இரத்தப்போக்கு, சினைப்பையின் ஒழுங்கால் அல்ல. வீட்டில் "சரியாகிவிட்டது" என்று நிம்மதி. அடியில் சர்க்கரை ஏறுவதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே அறிகுறி இப்போது வாய்மூடிவிட்டது. நோய் இருக்கிறதா என்று பிறகு இரத்தத்தில் பார்க்க வேண்டுமென்றால் மூன்று மாதமாவது மாத்திரையை நிறுத்த வேண்டும். ஆகவே பரிசோதனை முதலில், அட்டை பிறகு.

## வழி 4: "வரவழைக்கும்" மாத்திரை

புரோஜெஸ்டோஜென் வகையைச் சேர்ந்த மெட்ராக்ஸிபுரோஜெஸ்டெரோன் அல்லது நாரெத்திஸ்டெரோன், 5 முதல் 10 நாள். நிறுத்திய சில நாளில் இரத்தப்போக்கு வரும். கூட்டு மாத்திரை ஒத்துவராதவளுக்கும் தினமும் விழுங்க விரும்பாதவளுக்கும் இது நாகரிகமான நடுவழி: மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்சவ்வை உதிரச் செய்துவிட்டு, மற்ற நாட்களில் மாத்திரையில்லாமல் இருக்கலாம். தானாக வருகிறதா என்பதும் தெரிந்துகொண்டே இருக்கும். சர்க்கரைக்கும் பருவுக்கும் இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

என் மனக்குறை இந்த மருந்தில் இல்லை, இதை வாங்கும் விதத்தில் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்கிய அதே அட்டையை, அடுத்த மாதம் வரவழைக்க என்று சீட்டில்லாமல் கேட்கிறார்கள். பழைய சீட்டை இரண்டாண்டு நீட்டுகிறார்கள். நாரெத்திஸ்டெரோனைக் கூடுதல் அளவில் எடுத்தால் உடலில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜெனாக மாறும், இரத்தக்கட்டிக் கணக்கு அதற்கும் கொஞ்சம் பொருந்தும். டாக்டரைப் பார்க்காமலேயே ஓர் ஆண்டில் மூன்று முறைக்கு மேல் இந்த அட்டையை வாங்க நேர்ந்தால், காரணத்தைத் தேடும் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

## வழி 5: மெட்ஃபார்மின்

"என் பிள்ளைக்குச் சர்க்கரை இல்லையே, ஏன் சர்க்கரை மாத்திரை?" இன்சுலின் வேலையை எளிதாக்குவதால். சர்க்கரை இயல்பாக இருப்பவருக்கு இது தனியாகத் தாழ்சர்க்கரையை உண்டாக்குவது அரிது. இரண்டாம் அளவுகோலில் மருந்துகளுக்குள் முதலிடம் இதற்கே. மாதவிலக்கு ஒழுங்குபடுவதிலும் உதவக்கூடும், ஆனால் அதற்கான சான்று பதின்வயதில் குறைவு. மெதுவாகத்தான் தெரியும். பருவும் முடியும் குறைவதில் கூட்டு மாத்திரைக்கு ஈடாகாது.

யாருக்கு? குடும்பத்தில் நீரிழிவு, வயிற்றுப் பருமன், கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போன்ற கருமை, சாப்பிட்ட பின் சர்க்கரை எல்லையைத் தொடுதல் என்றால் இந்த மாத்திரைக்கு வலுவான காரணம் இருக்கிறது. கழுத்துக் கருமையை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்க்கும் தாய்மார்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அது தோல் காட்டும் இன்சுலின் அடையாளம், தேய்த்தால் போகாது.

தொந்தரவு வயிற்றில்தான்: குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயில் உலோகச் சுவை. 500 மி.கி.யில் தொடங்கி, உணவோடு கொடுத்து, வாரக்கணக்கில் ஏற்றினால் பலர் தாங்கிக்கொள்வார்கள். மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையலாம், சைவ வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். விலை மலிவு, மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இன்னும் மலிவு. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும், பழக்கங்கள் மாறியிருந்தால் தவிர.

## வழி 6: கழற்சிக்காய், வெந்தயம், இனோசிட்டால் பொட்டலம்

வெந்தயத்தைச் சமையலில் சேர்ப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கழற்சிக்காய்ப் பொடிக்கு மனிதர்களிடம் நடந்த தரமான ஆய்வுகள் இல்லாததால் மற்ற வழிகளோடு ஒரே தராசில் வைக்க முடியவில்லை. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவரைப் பாருங்கள். லேபிள் இல்லாத டப்பாவை யூடியூப் எண்ணில் கூப்பிட்டு வாங்காதீர்கள். இன்சுலினுக்கு உதவும் என்று விற்கப்படும் துணைச்சத்தான இனோசிட்டாலுக்குக் கொஞ்சம் ஆய்வுகள் உண்டு, தீங்கும் குறைவு, பலன் உறுதியில்லை. ஆனால் ஒரு மாதப் பொட்டலத்தின் விலையில் பல மாதத்துக்கு மெட்ஃபார்மின் வாங்கலாம். அந்தப் பணத்துக்கு முட்டையும் சுண்டலும் வாங்கினால் இன்னும் நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

## ஒரே பார்வையில்

| வழி | கருப்பைப் பாதுகாப்பு | சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் | பரு, முடி | மறைந்திருக்கும் செலவு | நிறுத்தினால் |
|---|---|---|---|---|---|
| கவனித்துக் காத்திருத்தல் | இல்லை | மாற்றம் இல்லை | இல்லை | மறதி | — |
| உணவு, உழைப்பு, உறக்கம் | மெதுவாக | மிக நல்லது | ஓரளவு | வீட்டுச் சண்டை, நேரம் | பலன் படிப்படியாகக் குறையும் |
| கூட்டு மாத்திரை | முழுமை | சரிசெய்யாது. சிலருக்கு ஏறும் | மிக நல்லது | அறிகுறி மறைதல், இரத்தக்கட்டி | பழைய சுழற்சி திரும்பும் |
| வரவழைக்கும் மாத்திரை | நல்லது | மாற்றம் இல்லை | இல்லை | சீட்டில்லாப் பழக்கம் | பழைய சுழற்சி திரும்பும் |
| மெட்ஃபார்மின் | உறுதியில்லை | நல்லது | குறைவு | வயிற்றுத் தொந்தரவு, பி12 | பலன் நிற்கும் |
| பொடி, இனோசிட்டால் | உறுதியில்லை | உறுதியில்லை | உறுதியில்லை | பணம், வீணாகும் காலம் | — |

## யாருக்கு எது

பூப்பெய்தி இரண்டாண்டு, 40 நாளுக்கு ஒரு முறை, வேறு அறிகுறி இல்லை: வழி 1, கூடவே வழி 2.

நான்காண்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, தாடையில் முடி, பரு. சர்க்கரையும் எடையும் இயல்பு: கூட்டு மாத்திரை. பள்ளிக்குப் போக மறுக்கும் அளவுக்கு முகப்பரு அவளை வாட்டினால் தயங்க வேண்டாம்.

கழுத்துக் கருமை, பெரிய இடுப்பு, அம்மாவுக்கு 35 வயதிலேயே சர்க்கரை: வழி 2ஐ அடித்தளமாக வைத்து மெட்ஃபார்மின். 90 நாள் தாண்டினால் வரவழைக்கும் மாத்திரை இடையிடையே. பருவும் முடியும் சேர்ந்திருந்தால் கூட்டு மாத்திரையும் மெட்ஃபார்மினும் ஒன்றாகவே எழுதப்படலாம். அதிக அபாயப் பிரிவினருக்கு அந்தச் சேர்க்கையில் பலன் கூடுதல் என்கிறது வழிகாட்டி. ஆரம்பத்தில் சொன்ன இரண்டு டாக்டர்களும் சரியாக இருக்கக்கூடிய இடம் இதுதான்.

இந்தப் பட்டியலே பொருந்தாத இரண்டு பேர் உண்டு.

ஒருத்தி மிக ஒல்லி. காலை உணவைத் தவிர்ப்பவள், தடகளப் பயிற்சியில் இருப்பவள், தேர்வு ஆண்டில் பத்து கிலோ இறங்கியவள். இவளுக்கு மாதவிலக்கு நிற்பது இன்சுலினால் அல்ல, உடலுக்குப் போதிய எரிபொருள் இல்லாததால். "பீரியட்ஸ் சரியாக எடையைக் குறை" என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரை இவளுக்கு நஞ்சு. ஈஸ்ட்ரோஜென் குறைந்து எலும்பு வலுவிழக்கிறது, இரத்தநாளங்களுக்கும் நல்லதல்ல. மாதவிலக்கை வரவழைப்பதற்காக மட்டும் இவளுக்குக் கூட்டு மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2017இல் அறிவுறுத்தியது. சாப்பாடு, ஓய்வு, தேவைப்பட்டால் மனநல உதவி, இவைதான் அவளுக்கு மருந்து.

இன்னொருத்திக்குத் தாமதம் பிரச்சினை இல்லை, மிகுதிதான் பிரச்சினை. ஏழு நாளைத் தாண்டும் போக்கு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்துவிடும் நாப்கின். தேசியக் குடும்ப நல ஆய்வு–5 கணக்கில் 15–19 வயது இந்தியப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இவளுக்கு ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு) உடனே பார்க்க வேண்டும். முதல் மாதவிலக்கிலிருந்தே இப்படி என்றால் இரத்தம் உறையும் குறைபாட்டையும் தேட வேண்டும்.

## எந்த வழியானாலும் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

பிசிஓஎஸ் உறுதியானாலோ வாய்ப்பு உண்டு என்று குறிக்கப்பட்டாலோ, இரத்த அழுத்தம் ஆண்டுக்கு ஒரு முறை. சர்க்கரைக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனையோடு நின்றுவிடாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் இயல்பாகத் தெரிந்து இரண்டு மணி நேர அளவில் மாட்டுபவர்கள் உண்டு. அபாயத்தைப் பொறுத்து 1 முதல் 3 ஆண்டுக்கு ஒரு முறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். இரத்தக்கொழுப்பு தொடக்கத்தில் ஒரு முறை, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில்.

பூப்பெய்தி எட்டாண்டு ஆகும்போது, அதாவது ஏறத்தாழ இருபது வயதில், நோயறிதலை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் அப்போது அவள் வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருப்பாள், புது டாக்டரைப் பார்ப்பாள். பூப்பெய்திய மாதமும் ஆண்டும், மாதவிலக்குத் தேதிகள், எடுத்த மாத்திரைகளின் பெயர், தொடங்கிய நிறுத்திய நாட்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், வீட்டில் யாருக்கு எந்த வயதில் சர்க்கரை, மாரடைப்பு என்ற பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். அதை அவள் கைப்பேசியிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.